குன்னூர்க் குளிரில் ரெசின் மேசை: ஒரு டீப் போர் எபாக்சி பற்றிய மதிப்பீடு

சில்வர் ஓக் பலகைகள் இரண்டின் நடுவே எபாக்சி ரெசின் (திரவமாக ஊற்றிக் கெட்டியாக இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) ஊற்றி, குன்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு மேசை செய்வதற்காக, இணையத்தில் விற்கப்படும் டீப் போர் வகை (ஒரே தடவையில் கனமாக ஊற்றக்கூடிய) ரெசின் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினேன். பொருள் தரமானது, தெளிவாக இறுகுகிறது, குமிழிகளும் மிகக் குறைவு. ஆனால், அதனுடன் வரும் செய்முறைத் தாள் சமவெளியின் வெப்பத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை நீலகிரியில் இருப்பவர்கள் வாங்கும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

குளிரில் வந்து சேர்ந்த ரெசின், மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெயைப் போல வெளுத்து, கேனின் அடியில் நறநறவென்று படிகம் கட்டியிருந்தது. இது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. கேனை ஏறத்தாழ 50 டிகிரி சூடுள்ள வெந்நீரில் நிறுத்தி, படிகம் முழுவதும் கரைந்து தெளியும் வரை வைத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு, ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனரைச் சேர்த்தால் வினை வேகமெடுத்து, கலக்கும் வாளியிலேயே புகைந்து இறுகிவிடும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உதவி எண்ணில் கேட்டபோது, திருப்பி அனுப்பிவிடுமாறு சொன்னார்கள். இவ்வளவு நல்ல பொருளை விற்பவர்களுக்கே அதன் இயல்பு தெரியாதிருப்பது மிகவும் வருத்தத்துக்குரியது.

இதைவிட முக்கியமானது, இறுகும் நாள்களில் அறையின் வெப்பம். 22 முதல் 25 டிகிரி வரை சீராக இருந்தால்தான் இந்த வகை ரெசின் ஒழுங்காக இறுகும். குன்னூரில் பனிக்கால இரவுகள் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடுகின்றன. எனவே அறையைச் சாத்தி, இரவும் பகலும் ரூம் ஹீட்டர் ஓடவிட வேண்டியிருக்கிறது. மின்கட்டணத்தையும் ரெசின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால், ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து, மேற்பரப்பில் பிசுபிசுப்பான மெழுகுப் படலம் ஒன்று படரும். அதன்மேல் உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் நாருமாக முதலில் கழுவித் துடைத்த பிறகே 80-ஆம் எண் தாளில் தொடங்க வேண்டும்.

அளவு விஷயத்தில் நிறுவனத்தைக் குறை சொல்ல இடமில்லை. 120 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் உள்ள இடைவெளிக்கு 4.8 லிட்டர் தேவை. மரம் குடிப்பதற்குச் சற்றுக் கூடுதலாக வாங்குவது உத்தமம். கலப்பு விகிதம் கன அளவுக்கா எடைக்கா என்பதையும் கேன் மேலேயே தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் இங்கே எளிதாகக் கிடைக்கிறது, இழையும் அழகானது. ஆயினும் மில்லிலிருந்து வந்த பலகையை அப்படியே பயன்படுத்தலாகாது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை உலர்த்தி, ஓரங்களில் ரெசினை மெல்லிய பூச்சாகத் தடவிய பின்னரே ஊற்ற வேண்டும். இதன் மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் என்பதால், தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். செய்து முடித்த மேசையில் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்கக் கூடாது. இறுகிய ரெசினும் அந்தச் சூட்டில் இளகித் தடம் விழும்.