யூரியா வாளியா, கரி பிடித்த கூலரா?

நாமக்கல் பக்கம் பழைய பி.எஸ்.4 லாரி (பி.எஸ். என்றால் பாரத் ஸ்டேஜ், அரசின் வாகனப் புகை விதி) பார்க்க வருகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே ஒன்று கேட்பார்கள்: "யூரியா ஊத்துற வண்டிங்களா, ஊத்தாத வண்டிங்களா?" ஊத்தாத வண்டி என்றால் முகம் மலரும். ஊத்துகிற வண்டி என்றால் சாக்கு கிடைத்தது என்று விலையைக் குறைப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வகையும் ஓடியிருக்கின்றன. ஓட்டியது வேறு ஆட்கள். கணக்கு எழுதியது நான். அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிறவர் யூரியா வாளியில் வந்து இறங்கும் செலவை மட்டும்தான் எண்ணுகிறார், டீசல் டேங்குக்குள் சத்தமில்லாமல் போகும் செலவை எண்ணுவதில்லை.

டீசல் என்ஜினுக்குள் எப்போதும் ஒரு பங்காளிச் சண்டை உண்டு. சிலிண்டருக்குள் சூடு ஏற ஏற டீசல் நன்றாக எரியும், மைலேஜ் கிடைக்கும், கரி குறையும். ஆனால் அதே சூட்டில், காற்றில் சும்மா கிடக்கிற நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிவிடும். சுருக்கமாக நாக்ஸ் என்போம். சூட்டைக் குறைத்தால் நாக்ஸ் அடங்கும், கரி எழும்பும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இரண்டையும் ஒரே அடியில் அடக்க முடியாது.

பி.எஸ்.3 காலத்தில் கனரக என்ஜின் செய்யும் ஒவ்வொரு கிலோவாட்-மணி வேலைக்கும் 5 கிராம் வரை நாக்ஸ் விடலாம். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது அது 3.5 கிராம் ஆனது. புகைத் துகள் அளவோ 0.10 கிராமிலிருந்து 0.02 ஆனது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பழைய பம்ப்பையும் நாசிலையும் திருகி இதைச் சமாளிக்க முடியாது. அப்போதுதான் கம்பெனிகள் இரண்டு வழியாகப் பிரிந்தன.

ஒன்று இ.ஜி.ஆர். சைலன்சர் பக்கம் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி, ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ஒரு கூலரில் ஆற வைத்து, மறுபடி சிலிண்டருக்கே அனுப்புவது. புகையில் ஆக்ஸிஜன் குறைவு, வெப்பத்தை உறிஞ்சும் சரக்கு அதிகம். அதனால் தீயின் சூடு இறங்கும், நாக்ஸ் பிறக்கும் இடத்திலேயே குறையும். அசோக் லேலண்டு 2017இல் ஐ-இஜிஆர் என்ற பெயரில் தன் பி.எஸ்.4 லாரிகளை இந்த வழியில்தான் இறக்கியது. தனியாக எதையும் ஊற்றத் தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய விளம்பரம்.

இன்னொன்று எஸ்.சி.ஆர். என்ஜினை அதன் போக்கில் சூடாகவே எரிய விடுவது, வெளியே வந்த நாக்ஸைச் சைலன்சரில் வைத்துப் பிடிப்பது. நாம் யூரியா என்றும் ஆட்ப்ளூ என்றும் டெஃப் என்றும் சொல்கிற திரவம் இதற்குத்தான். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகைக்குழாயில் தெளித்ததும் யூரியா அம்மோனியாவாகப் பிரியும். அந்த அம்மோனியா கேட்டலிஸ்டில் (சைலன்சருக்குள் வினையைத் தூண்டும் பகுதி) நாக்ஸைச் சந்தித்து, இரண்டும் நைட்ரஜனும் நீராவியுமாக முடிந்துபோகும். பாரத்பென்ஸ் இந்த வழி. டாடாவின் பெரிய வண்டிகளில் பலவும் இதே வழிதான்.

சரி, பணத்துக்கு வருவோம். என் நோட்டில் போடுகிற மாதிரியே ஒரு கணக்கு. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம், எஸ்.சி.ஆர். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: டீசல் 250 லிட்டர். என்ஜினைச் சூடாக எரிய விடுவதால் கிடைக்கும் லாபத்தை 4 சதவீதம் என்று வைத்தால், அதே வேலைக்கு இ.ஜி.ஆர். வண்டி 260 லிட்டர் குடிக்கும். கூடுதல் 10 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் வீதம் 920 ரூபாய். எஸ்.சி.ஆர். வண்டிக்கு டீசலில் 4 சதவீதம் டெஃப் போகிறது என்றால் 10 லிட்டர், லிட்டர் 60 ரூபாய் வீதம் 600. கையில் நிற்பது 320 ரூபாய்.

பெரிய தொகை இல்லை. டெஃப் 5 சதவீதம் போனால் அந்த 320, 170 ஆகிவிடும். டீசல் லாபம் 2 சதவீதம்தான் என்றால் கணக்கே கவிழ்ந்து, டிரிப்புக்கு 140 ரூபாய் நஷ்டம். ஆக "எஸ்.சி.ஆர். வண்டி மைலேஜில் அள்ளித் தரும்" என்று விற்பனைக்காரர் சொல்வதும் முழு உண்மையில்லை, "யூரியாவிலேயே காசெல்லாம் போகுது" என்று டீக்கடையில் சொல்வதும் உண்மையில்லை. வாளி வாங்கும்போது கையிலிருந்து காசு எண்ணிக் கொடுக்கிறோம், அது உறுத்துகிறது. 250க்குப் பதில் 260 லிட்டர் பிடித்ததை யாரும் கவனிப்பதில்லை. எதிர்க்காற்று, டிரைவர் மாறினார், லோடு கூட என்று ஏதாவது ஒரு காரணம் வந்து மூடிவிடும்.

கரியமில வாயுவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும். 10 லிட்டர் மிச்சம் என்றால் 27 கிலோ. யூரியா பிரியும்போதும் கரியமில வாயு வரும். ஆனால் 10 லிட்டர் டெஃபுக்கு அது இரண்டரை கிலோ சுமார்தான். அந்த யூரியாவைத் தயாரிக்க ஆலையில் செலவான எரிவாயு தனிக் கதை, அதை லாரிக்காரன் தலையில் கட்ட வேண்டாம்.

இரண்டு வழிக்கும் உண்மையான வித்தியாசம் டீசல் பில்லில் தெரியாது, பட்டறையில்தான் தெரியும். எங்கள் இ.ஜி.ஆர். வண்டி ஒன்றில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியே ஓட்டினோம். கடைசியில் மெக்கானிக் அண்ணன் கூலரைக் கழற்றித் தரையில் வைத்து டார்ச் அடித்துக் காட்டினார். விரல் கனத்துக்குக் கரி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. "பாருங்க தம்பி, இதுக்குள்ள காத்து எப்படிங்க போகும்?" என்றார். உள்ளே ஒரு குழாய் விரிசல் விட்டு, தண்ணீர் புகையோடு போய்க்கொண்டிருந்தது. இ.ஜி.ஆர். வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால் முதல் சந்தேகம் கூலர் மேல்.

கரி அங்கே மட்டும் நிற்பதில்லை. என்ஜின் ஆயிலிலும் கலக்கும், ஆயில் சீக்கிரம் கெட்டியாகும். இன்னொன்று, கூலர் உறிஞ்சுகிற சூடெல்லாம் ரேடியேட்டர் தலையில்தான் விடியும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறும்போது ஃபேன் விடாமல் சுற்றும். அந்த ஃபேனைச் சுற்றுவதும் டீசல்தான்.

எஸ்.சி.ஆருக்கு வேறு மாதிரி நோய். அது சூட்டைக் கேட்கும். புகைக்குழாய் சுமார் 200 டிகிரிக்கு வராத வரை டெஃபைத் தெளிக்கவே தெளிக்காது. தெளித்தால் யூரியா முழுசாகப் பிரியாமல் வெள்ளை வெள்ளையாக உறைந்துவிடும். டெஃப் தெளிக்கும் நாசில் ஓரத்தில் உப்பளத்துக் கரை மாதிரி வெள்ளைப் படிகம் பூத்திருந்தால், அந்த வண்டி அதிகமும் நின்றும் ஊர்ந்தும் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், அல்லது மட்டமான டெஃப் குடித்திருக்கிறது. நகருக்குள் நின்று நின்று போகும் குப்பை லாரி, சைட்டில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் கான்கிரீட் மிக்சர் இவற்றில் எஸ்.சி.ஆர். பாதி நேரம் தூங்கும். ஐரோப்பாவில் யூரோ 5 என்ற அங்கத்துப் புகை விதிப்படி வந்த லாரிகள் நகருக்குள் கணக்கை மீறி நாக்ஸ் கக்கியது இதனால்தான். அந்த வேலைக்கு இ.ஜி.ஆர். பரவாயில்லை, அது குளிர்ந்த புகையிலும் வேலை செய்யும். ஆனால் குளிர்ந்த புகையில்தான் கூலரில் கரியும் வேகமாகப் படியும். ஊர்ந்து போகிற வண்டிக்கு எந்த வழியும் முழு நிம்மதி தருவதில்லை.

டெஃபில் போலி கலந்தால் நிலைமை இன்னும் மோசம். உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிய புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் உள்ள கால்சியமும் உப்பும் கேட்டலிஸ்டில் ஏறினால் திரும்ப இறங்காது. வாளிக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, கேட்டலிஸ்டுக்கு லட்சக் கணக்கில் அழ வேண்டிவரும்.

இன்னொரு பயமும் நியாயமானதே: சரக்கு வராவிட்டால்? 2021 இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது தென்கொரியாவில் லாரிகள் நிற்கும் நிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 27,000 லிட்டர் டெஃப் கொண்டுவர அந்த அரசு ராணுவ விமானத்தையே அனுப்பியது. டீசல் இருந்தும் யூரியாத் தண்ணி இல்லாமல் ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்து தடுமாறியது. இ.ஜி.ஆர். வண்டிக்காரர் அன்று மீசையை முறுக்கியிருக்கலாம்.

ஆனால் இ.ஜி.ஆரை மட்டும் நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் விடை கிடைத்துவிட்டது. அங்கே 2010 புகை விதிகளுக்குப் போட்டியாளர்கள் எல்லாம் எஸ்.சி.ஆர். போட, நாவிஸ்டார் என்ற லாரிக் கம்பெனி மட்டும் யூரியா வேண்டாம், இ.ஜி.ஆரையே கூட்டுகிறோம் என்று பிடிவாதம் பிடித்தது. நாக்ஸ் அளவை எட்ட முடியவில்லை. முன்பு விதி அளவைவிடக் குறைவாகப் புகை விட்டுச் சேர்த்திருந்த வரவுப் புள்ளிகளை வைத்து ஒப்பேற்றியது. 2012 ஜூலையில் எஸ்.சி.ஆருக்கு மாறுவதாக அறிவித்தது. வாரண்டிச் செலவும் வழக்குகளும் அதற்குப் பிறகும் துரத்தின. ஐரோப்பாவில் இவெக்கோ எதிர்த்திசையில் போனது: யூரோ 6 கனரக என்ஜினில் இ.ஜி.ஆரையே தூக்கிவிட்டு எஸ்.சி.ஆர். மட்டும் வைத்தது. யூரோ 5க்கு இ.ஜி.ஆர். என்ஜின் விற்ற ஸ்கேனியாவும் பின்னால் எஸ்.சி.ஆர். மட்டும் உள்ள யூரோ 6 என்ஜின்களை இறக்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

இங்கே 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. நாக்ஸ் 3.5இலிருந்து ஏறக்குறைய 0.4 கிராமுக்கு இறங்கியது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்மிலிருந்து 10. புது கனரக டீசல் வண்டியில் யூரியா வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே செத்துப்போனது. இ.ஜி.ஆர். கொஞ்சம் இருக்கிறதா, நிறைய இருக்கிறதா, அறவே இல்லையா என்பதுதான் இப்போதைய கேள்வி. இதோடு டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டியும் சேர்ந்துகொண்டது.

பலர் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க நாக்ஸே உதவி செய்யும். என்ஜினிலிருந்து நாக்ஸ் தாராளமாக வந்தால், அதில் உள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு 250, 300 டிகிரியிலேயே கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இ.ஜி.ஆரைக் கூட்டி நாக்ஸைக் குறைத்தால் கரியும் கூடும், அதைத் தின்ன ஆளும் குறையும். அப்புறம் டீசலைத் தெளித்து 550, 600 டிகிரிக்கு ஏற்றித்தான் எரிக்க வேண்டும். இப்படி எரிப்பதற்குத்தான் ரீஜென் என்று பெயர். டாஷ்போர்டில் ரீஜென் விளக்கு அடிக்கடி எரிகிற வண்டியில் மைலேஜ் ஏன் இறங்குகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். டெஃப் கொஞ்சம் கூடப் போனாலும் ரீஜென் குறைவாக வருகிற வண்டி நெடுந்தூர ஓட்டத்துக்கு நல்லது என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

ஆக, என்னைக் கேட்டால்: பெங்களூர், மும்பை என்று முழு லோடில் ஓடுகிற வண்டிக்கு எஸ்.சி.ஆர்., சந்தேகமே இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் சுற்றுகிற பழைய பி.எஸ்.4 டிப்பர் என்றால் இ.ஜி.ஆர். வாங்கலாம், கூலரை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க மனமிருந்தால். டிரைவர் 60இல் போகிறாரா 80இல் போகிறாரா என்பதும், டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதும் இந்த நாலு சதவீதத்தை ஒரே டிரிப்பில் விழுங்கிவிடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய எஸ்.சி.ஆர். வண்டி பார்க்கப் போனால் டெஃப் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். டேங்க் காய்ந்து கிடந்தும் மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிற ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். டெஃப் போகிறது, நாக்ஸ் குறைகிறது என்று அது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். பி.எஸ்.6 வண்டியில் டெஃப் தீர்ந்தால் முதலில் இழுவையில் கால் பங்கு குறையும், அதற்கும் மசியாவிட்டால் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. அங்கேயும் இந்தப் பெட்டிக்கு ஆள் உண்டு. நான் பார்த்த ஒரு வண்டியில் அதை ஸ்டெப்னி டியூப் வெட்டிய ரப்பரில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். விற்கிறவரிடம் கேட்டதற்கு, "மைலேஜுக்காகப் போட்டதுங்க" என்றார். கேட்டலிஸ்ட் எத்தனை வருடமாக டெஃப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவர் டீ சொல்லப் போய்விட்டார்.