ஹராஜுகு போகிறவர்கள் கவனம்: 48,000 யென் போச்சு

தோக்கியோவில் ஹராஜுகு பக்கம் போகப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். இன்று மதியம் தகேஷிதா தெருவில் என்னிடம் 48,000 யென் ஏமாற்றிப் பிடுங்கிவிட்டார்கள், நம்ம பணத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். எப்படித் தவிர்ப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஃப்ரூட்ஸ் என்ற ஜப்பானியத் தெரு ஃபேஷன் பத்திரிகையின் பழைய இதழ்களில் வந்த டெகோரா (உடம்பெல்லாம் கலர் கலராக அலங்காரம்), லோலிட்டா (பொம்மை மாதிரி லேஸ் வைத்த உடை) படங்கள் என்றால் என் தங்கைக்கு உயிர். அவளுக்காகத்தான் போனேன். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தெரு, மொத்தமே 350 மீட்டர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஊர்ந்துதான் போகணும். பாதி வழியில் ஒருவன் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் "இது டெகோரா, இந்தத் தெருவில் தேடாதீங்க, உரா-ஹராஜுகுவுக்கு வாங்க" என்றான். உரா-ஹராஜுகு என்பது அந்தப் பக்கத்துப் பின்சந்துகள், சின்ன டிசைனர் கடைகள் அங்கே இருப்பது உண்மை, அதனால்தான் நம்பினேன். தங்கையின் உயரம், பிடித்த நிறம் எல்லாம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டே வந்தான், பாவி.

மாடியில் ஒரு துணிக்கடை, எதிலும் விலைச்சீட்டு இல்லை. பாவாடையும் சட்டையும் சேர்த்து 4,800 என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். கார்டு மெஷினின் திரையைக் கையால் மறைத்தபடி நீட்டினான். படி இறங்குவதற்குள் பேங்க் எஸ்எம்எஸ் வந்துவிட்டது: 48,000.

உடனே திரும்பி ஏறினேன். அதுவரை ஆங்கிலம் பேசியவன் ஜப்பானிய மொழியைத் தவிர எதுவும் பேசவில்லை. கல்லாவில் இருந்த பெண் 'ரிட்டர்ன் இல்லை' என்ற அட்டையைக் காட்டிவிட்டு, வேண்டுமானால் வேறு துணி எடுத்துக்கொள் என்றாள். கோபானில் (தெருவோரச் சின்ன போலீஸ் நிலையம்) இருந்த போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார், விலைத் தகராறில் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார். பேங்க்காரன் அதற்கு மேல். கார்டை நீங்களே தட்டியிருக்கிறீர்கள், மோசடியில் வராது, மெயில் போடுங்கள் என்று வைத்துவிட்டான். 48,000 யென்னுக்கு ஒரு மெயிலா?

சரி, தெருவில் கூப்பிடுகிற யார் பின்னாலும் போகாதீங்க. விலைச்சீட்டு இல்லாத கடையில் வாங்காதீங்க. மெஷினில் தொகையைப் பார்க்காமல் கார்டைத் தட்டாதீங்க. அப்புறம், தெருவில் மடக்கிக் கடைக்குக் கூட்டிப்போய் விற்றால் 8 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்ய ஜப்பான் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. நான் நாளைக் காலையில் அங்கேதான் பேசப்போகிறேன்.