குரோமைட் பங்கு வாங்கும் முன்: அந்த 400 மீட்டர் கோட்டைப் பாருங்கள்

ஒரு மலையிலுள்ள குரோமைட்டில், அதாவது குரோமியம் எடுக்கும் தாதுவில், பங்கு விற்க வந்த தரகர் ஒரு கல்லை நீட்டினார். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. தரகர் நீட்டிய அறிக்கையில் குரோமியம் ஆக்சைடு 48 சதவீதம். நானே வேறொரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதே அளவு வந்தது. கல்லில் பொய் இல்லை. பொய் வரைபடத்தில் இருந்தது.

மலைமேல் இரண்டு இடத்தில் தாது வெளியே தெரிவதாகப் புள்ளி வைத்து, நடுவே 400 மீட்டருக்குத் தடித்த கோடு ஒன்றை இழுத்திருந்தார். அந்த நீளத்தை வைத்துத்தான் அவருடைய டன் கணக்கு. "பாதை கிடையாது, பாதி வருஷம் பனி, போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்றார். கஜகஸ்தானின் கெம்பிர்சாய் சுரங்கங்களும் இதே வகைப் பாறைதான் என்றார். அது உண்மை என்பதால் நம்பிவிட்டேன். முன்பணம் கொடுத்தேன்.

பனி உருகியதும் நடந்தே போனேன், மூன்று நாள். முதல் புள்ளியில், ஆலிவின் என்ற கனிமமே நிறைந்த டுனைட் பாறைக்குள் ஒரு குரோமைட் வில்லை (நடுவே தடித்து ஓரம் மெலிந்த தாதுக்கட்டி): 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். தோண்டினோம். ஒரு மீட்டர் ஆழத்தில் மெலிந்து முடிந்துவிட்டது. எல்லாம் சேர்த்தாலும் 25 டன் தேறாது. இரண்டாவது புள்ளியில் இருந்தது குரோமைட்டே இல்லை. காந்தம் சட்டென்று ஒட்டியது. பூச்சில்லாத பீங்கானில் உரசினால் கருப்புக் கோடு. குரோமைட் என்றால் பழுப்பாக விழும். பாறையிலுள்ள ஆலிவின் நீர் ஏறி சர்பென்டின் என்ற கனிமமாக மாறும்போது பிரிந்து வரும் இரும்பில் உண்டான மேக்னடைட் என்ற இரும்புத் தாது அது. நடுவே 400 மீட்டரும் தாது இல்லாத வெறும் பெரிடோடைட் பாறை.

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் குரோமைட் அடுக்கடுக்காகப் படிந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. அங்கே இரண்டு புள்ளியை இணைப்பதில் அர்த்தம் உண்டு. மலைத்தொடர் எழும்போது மேலே தள்ளப்பட்ட கடலடிப் பாறைகள் வேறு. ஓமானிலும் சைப்ரஸின் துரூதோஸ் மலையிலும் இருப்பது அந்த வகை. தாது அங்கங்கே வில்லைகளாகக் கிடக்கும். மடிந்து, நசுங்கி, பிளவுகளில் அறுபட்டிருக்கும். ஒரு வில்லை அடுத்த வில்லைக்குச் சாட்சி ஆகாது. கெம்பிர்சாய் போன்ற பெரிய வில்லைகள் மிக அபூர்வம்.

தரகரிடம் கேட்டேன். "ஆழத்தில் இருக்கும்" என்கிறார். ஆழம் பார்க்க ஒரு துளைகூடப் போட்டதில்லை. பணம் இன்னும் வரவில்லை.

உங்களிடமும் இப்படி ஒரு வரைபடம் வந்தால், கோட்டின் நடுவில் எத்தனை இடத்தில் குழி வெட்டினீர்கள், துளையிட்டு எடுத்த கற்கள் எங்கே என்று கேளுங்கள். மாதிரியை நீங்களே போய் எடுங்கள், இரண்டு முனையிலும் அல்ல, நடுவில்.