அம்பாசடர் மார்க் 4: முதல் பிரேக்கில் மட்டும் ஒரு ‘டொக்’

முன் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம்; அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம் புஷ். அந்தப் புஷ்ஷை இரண்டு பக்கமும் மாற்றி ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியாயிற்று. சத்தம் திரும்பி வரவில்லை. இனி தைரியமாக எழுதலாம். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் அடியில் கியர், நீளமான முன் சீட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லப்போவது அந்த ‘டொக்’ பற்றி.

காலையில் வீட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்கு வருவேன். முன்னால் நகர்ந்து முதல் பிரேக்கில் கால் வைத்ததும் காலுக்கடியில் ‘டொக்’. அப்புறம் அவிநாசி ரோடு நெடுக ஓட்டினாலும் சத்தம் இருக்காது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "நல்லாத்தானே ஓடுது சார்" என்பார்கள். அதற்காகச் சும்மா அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றினார். இன்னொருவர், எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிராப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸை மாற்றினார்.

கிராஸ் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிராஸ் தேய்ந்திருந்தால் கிளட்சை விடும்போது தட்டும், ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது தட்டும். வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு பிரேக் போட்டால் போதும். அப்போதும் ‘டொக்’ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கிராஸை அல்ல. இதற்குப் பணமும் வேண்டாம், ஸ்பானரும் வேண்டாம். யாரும் செய்து பார்க்கவில்லை.

சரி, அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். வலது சக்கரத்தில் தட்டுவது தகடு வழியாக ஓடி இடது பக்கம் கேட்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினாலோ, ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் ஆர்மைக் கீழே தள்ளி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த புஷ்கூட நல்ல பிள்ளையாக இருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவர். எங்கே கேட்கிறது என்று அவர் கேட்கவே இல்லை; எப்போது கேட்கிறது என்றுதான் கேட்டார். ஜாக்கியையும் தொடவில்லை. முன் சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "ரிவர்ஸ்ல வந்து பிரேக் போடுங்க தம்பி. இப்ப முன்னால வந்து போடுங்க" என்றார். திசை மாற்றிப் போட்ட பிரேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டொக்’. முன்னால் போகும்போதே அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால் இரண்டாவதற்குச் சத்தமே இல்லை.

முன்னால் போகும் வண்டியில் முன் சக்கரம் எப்போதும் பின்னோக்கித்தான் தள்ளப்படுகிறது. பிரேக் போட்டாலும் அதே பக்கம்தான். ஆகவே தேய்ந்த புஷ்ஷில் ஆர்ம் பின்பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். ரிவர்ஸில் பிரேக் போட்டால் முன்பக்கம் நகரும். அடுத்து முன்னால் வந்து போடும் முதல் பிரேக்கில் பழைய இடத்துக்கே வந்து இடிக்கும். ரோட்டில் முன்னால் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கழற்றினால் ரப்பர் கிழிந்து கிடந்தது. அதுவும் முன்பு ஒருமுறை மாற்றிய புஷ்தான். இந்த ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் ஆர்முக்கு இடம் கொடுக்கிறது. சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் இருக்கும். மேட்டில் ஏறிச் சக்கரம் மேலே எழும்ப எழும்ப முறுக்கு இன்னும் ஏறும். எத்தனை நாள் தாங்கும்? பெரியவர் புதிய புஷ் போட்டு, நட்டை லேசாக மட்டும் பிடிக்கவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகுதான் முழுதாக இறுக்கினார். புஷ்ஷின் விலை, நான் அதுவரை கட்டிய தண்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது.

இப்போது ஓட்டினால் சுகம்தான். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த அமைப்பு. குண்டும் குழியுமான ரோட்டில் இன்றைய கார்கள் தயங்குகிற இடத்தில் இது நிதானமாக இறங்கி ஏறுகிறது. மூட்டுவலிக்கார அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்காருகிற ஒரே கார் இதுதான். பின் சீட்டு சுகத்துக்கு ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

இருந்தாலும் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அம்பாசடர் செய்துவந்த உத்தர்பாரா ஆலை 2014-இல் நின்றுபோனது. உதிரி பாகம் இன்றைக்கும் கிடைக்கிறது, அதில் குறையில்லை. ரப்பர் சாமான் மட்டும் கடைக்குக் கடை தரம் மாறும், பார்த்து வாங்க வேண்டும். என் கவலை வேறு. எதை மாற்றுவது என்று சொல்லத் தெரிந்த அந்தப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போதே மத்தியானத்துக்கு மேல் வேலை எடுப்பதில்லை. மகன் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார்.