"தெரியாத வைரஸையும் பிடிப்போம்" என்று வருகிறவர்களிடம் கவனம்: கோத்தகிரி, குன்னூர் தொழிற்சாலைக்காரர்களுக்கு

மின்னஞ்சல் பாதுகாப்பு விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் மறுபடியும் மலையேறி வந்து தேயிலைத் தொழிற்சாலைகளைச் சுற்றுகிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. "இன்னும் யாருக்குமே தெரியாத வைரஸாக இருந்தாலும் மின்னஞ்சல் இணைப்பிலேயே பிடித்துவிடுவோம் சார்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

நாங்கள் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிப்பவர்கள். ஏலக் கணக்கு, புரோக்கர் பட்டியல், லாரி வாடகை எல்லாம் மின்னஞ்சல் இணைப்பாகத்தான் வருகின்றன. திறக்காமல் அலுவலகம் நடக்காது. அதற்காகத்தான் ஆண்டுச் சந்தா கட்டினோம்.

வழக்கமாகச் சரக்கு எடுக்கும் வியாபாரியின் முகவரியிலிருந்தே அந்த மின்னஞ்சல் வந்தது. நாங்கள் முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதில்போல, அந்தக் கடிதமும் கீழே ஒட்டியிருந்தது. அவருடைய கணக்கு ஏற்கெனவே திருடர்கள் கையில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 'நிலுவை பில்' என்று ஒரு ஜிப் கோப்பு. அதன் கடவுச்சொல் கடிதத்திலேயே இருந்தது. உள்ளே பிடிஎஃப் படத்துடன், பெயரும் பிடிஎஃப் என்றே முடிகிற ஒரு கோப்பு. அதற்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' (திறந்ததுமே ஓடத் தொடங்கும் நிரல் என்பதன் அடையாளம்) என்ற வால் இருந்ததை விண்டோஸ் காட்டவில்லை. பழக்கமான வால்களை அது மறைத்துவிடும். கணக்கர் திறந்தார். மதியத்துக்குள் பேரேடு, விவசாயிகளின் இலைக் கணக்கு எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு அறிவிப்பு வந்துவிட்டது.

நிறுவனத்தைக் கூப்பிட்டால், "இது புது வைரஸ் சார், யாராலும் பிடிக்க முடியாது" என்கிறார்கள். விற்ற அதே வாய்!

வேறொரு தொழில்நுட்பரை வைத்து அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். 'ஆய்வு செய்ய இயலாத இணைப்புகள்' என்ற வரிக்கு எதிரே 'அனுமதி' என்று இருந்தது. கடவுச்சொல் போட்ட ஜிப்பை அந்த மென்பொருளால் திறந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் தடுத்து வைக்கவும் அதற்குச் சொல்லித்தரவில்லை. மீதி இணைப்புகளையும் ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. புதிய வைரஸைப் பிடிக்க வேண்டுமானால், கோப்பைத் தனியாக அடைத்த ஒரு கணினிச் சூழலில் ஓடவிட்டு அதன் நடத்தையைக் கவனிக்க வேண்டும். அந்த வசதி எங்கள் சந்தாவிலேயே கிடையாது. அதுவும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. கண்காணிக்கப்படுவதை உணர்ந்தால் சும்மா கிடக்கும் வைரஸ்களும் உண்டு.

அவர்களே பொருத்திய காப்பு நகல் வட்டு எப்போதும் கணினியோடு இணைந்தே கிடந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. இலை எடைச் சிட்டைகளை மூட்டை மூட்டையாக இறக்கிக் கணக்கை மறுபடி எழுதுகிறோம். இதற்கு நடுவில் கோத்தகிரிக்கு வந்துபோன செலவு என்று அவர்கள் ஒரு பில் வேறு அனுப்பியிருக்கிறார்கள். கட்டப்போவதில்லை.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தாகிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக விலக்கி வைக்கிறது. சுயதொழிலில் பிழைக்க வாங்கும் பொருளுக்குத்தான் அதில் விதிவிலக்கு எழுதியிருக்கிறது. ஆகவே நம் கையில் மிஞ்சுவது ஒப்பந்தத் தாள் மட்டும்தான். திறக்க முடியாத இணைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதைக் கையெழுத்துடன் அதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே சந்தா கட்டியவர்கள் அந்த 'அனுமதி' வரியை இன்றே பார்த்துவிட்டு, காப்பு வட்டின் கேபிளையும் கழற்றி வையுங்கள்.