டேபிளின் அமைப்பைப் படிக்க: ரெஜெக்ஸா, பிராக்மாவா?

எந்த எஸ்க்யூலைட் கோப்பைக் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கொடுத்தாலும் திறந்து, உள்ளே இருக்கும் டேபிளுக்கு ஏற்ற படிவத்தைத் தானாக வரையும் சின்னக் கருவி ஒன்றை எழுதினேன். நெடுவரிசையின் பெயர், வகை, காலியாக விடலாமா, டிஃபால்ட் (எதுவும் தராவிட்டால் விழும் மதிப்பு) என்ன என்பதெல்லாம் நிரலுக்குத் தெரிந்தாக வேண்டும். மூன்று வழிகளில் முட்டி மோதிவிட்டு இப்போது பிராக்மா, அதாவது எஸ்க்யூலைட்டின் சொந்தக் கட்டளை, பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஒரு வரிகூட எடுக்காத செலக்ட் ஒன்றை, அதாவது லிமிட் 0 போட்டு, ஓட்டிவிட்டு, விடையைத் தரும் கர்சரின் டிஸ்கிரிப்ஷனை, அதாவது நெடுவரிசைகளின் விவரப் பட்டியலை, பார்ப்பது முதல் வழி. பைத்தானில் நெடுவரிசைக்கு ஏழு இடங்கள் வரும். பெயரைத் தவிர மீதி ஆறும் காலி. பெயர் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதுவே தாராளம்.

அடுத்தது, டேபிள்களின் விவரத்தை வைத்திருக்கும் எஸ்க்யூலைட்_மாஸ்டர் என்ற உள் டேபிளில் இருக்கும் கிரியேட் டேபிள் வாக்கியத்தை (டேபிளை உருவாக்கிய கட்டளை) எடுத்து, ரெஜெக்ஸ் (உரையில் வடிவத்தைத் தேடும் முறை) கொண்டு நாமே பிரிப்பது. நான் தொடங்கியது இப்படித்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்து, காற்புள்ளியில் வெட்டி, முதல் சொல்லைப் பெயராக எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். ‘தொகை டெசிமல்(10,2)’ என்று ஒரு டேபிள் வந்தது. படிவத்தில் ‘2)’ என்ற பெயரில் ஒரு பெட்டி முளைத்தது! சரி, அடைப்புக்குறியை எண்ணிப் பிரித்தேன். அடுத்த கோப்பில் வாக்கியத்துக்கு நடுவே காற்புள்ளியோடு ஒரு கமென்ட். எஸ்க்யூலைட் அதையும் அப்படியே சேமித்து வைக்கிறது. அதற்கும் ஒட்டுப்போட்டேன். அப்புறம் சதுர அடைப்புக்குள் இடைவெளியோடு ஒரு பெயர், வகையே இல்லாத நெடுவரிசை, கடைசியில் தனியாக நிற்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் சாவி). எழுத ஒரு மாலை போதுமாக இருந்தது, பராமரிக்கத்தான் மாளவில்லை. புதிய கோப்பு வரும்போதெல்லாம் பழைய ஒட்டு ஒன்று பிய்ந்தது. எஸ்க்யூலைட்டுக்குள்ளேயே இருக்கும் பார்சரை (வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) நான் வெளியில் அரைகுறையாக மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

பிராக்மா டேபிள்_இன்ஃபோவில் அந்த வேலையே இல்லை. நெடுவரிசைக்கு ஒரு வரி: எண், பெயர், வகை, நாட்நல் (காலியாக விடக் கூடாதா), டிஃபால்ட், பிகே (பிரைமரி கீயா). பல நெடுவரிசைகள் சேர்ந்த கூட்டுச் சாவியாக இருந்தால் பிகே 1, 2 என்று வரிசையும் சொல்லும். 2017இல் வந்த 3.16 பதிப்பிலிருந்து பிராக்மா_டேபிள்_இன்ஃபோ என்று எழுதி இதையே ஒரு டேபிள்போல செலக்ட் செய்யலாம். டேபிள் பெயரைக் கேள்விக்குறியாக விட்டு, மதிப்பைத் தனியே அனுப்பி பைண்ட் செய்யலாம் என்பது பெரிய நிம்மதி. பழைய பிராக்மா வடிவத்தில் அது நடக்காது. எஸ்க்யூலைட்_மாஸ்டரோடு ஜாயின் போட்டு இணைத்தால் கோப்பின் எல்லா டேபிள்களும் ஒரே கேள்வியில் வந்துவிடும். என் நூற்றுச் சொச்சம் வரிகள் ஏழு வரிகளாகச் சுருங்கின.

குறைகளும் உண்டு. டேபிள் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் பிழை எழாது, வெறும் பூஜ்ய வரிகள்தான் வரும். டிஃபால்ட் ஓர் எக்ஸ்பிரஷனின் உரையாக வருகிறது. ‘புதியது’ என்ற சொல் மேற்கோள் குறியோடேயே கைக்கு வரும், கழற்றாமல் படிவத்தில் போட்டால் அசிங்கமாக இருக்கும். மற்ற நெடுவரிசைகளிலிருந்து கணக்கிடப்படும் ஜெனரேட்டட் நெடுவரிசைகள் இதில் தெரியாது, டேபிள்_எக்ஸ்இன்ஃபோ வேண்டும். அதன் ஹிடன் மதிப்பு 2 என்றால் வர்ச்சுவல் (படிக்கும்போது கணக்கிடுவது), 3 என்றால் ஸ்டோர்ட் (சேமித்து வைப்பது).

மதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் செக் நிபந்தனை எந்த இன்ஃபோவிலும் வராது. அதற்கு மட்டும் மூல வாக்கியத்தைப் பிரிக்காமல் அப்படியே படிவத்தின் அடியில் காட்டுகிறேன்.

சீ மொழியில் எழுதுபவர்களுக்கு எஸ்க்யூலைட்3_டேபிள்_காலம்_மெட்டாடேட்டா என்ற ஃபங்ஷன் இருக்கிறது. டேபிள்_இன்ஃபோ சொல்லாத கொலேஷனையும் (உரையை ஒப்பிடும் முறை) ஆட்டோஇன்கிரிமென்ட்டையும் (எண் தானாக ஏறுமா) அது சொல்கிறது. ஆனால் பெயர் தெரிந்த ஒரு நெடுவரிசையைப் பற்றித்தான் அதனிடம் கேட்க முடியும். ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்ததோடு சரி. அதை வைத்து ஒரு கருவியை ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை.