நெல்லைச் சீமை மண்ணில் எக்ஸ்பல்ஸ் 200 4வி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அட்வென்சர் பைக் வாங்கப் போகிறேன், எத்தனை சிசி எடுக்கட்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விழுந்தால் தனியாளாகத் தூக்குவீர்களா? நம்ம பக்கத்து மண்ணில் ஓட்டுவதற்கு வண்டியின் எடைதான் முதல் கணக்கு. குதிரைசக்தி எல்லாம் அப்புறம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி (4வி என்றால் எஞ்சினில் நான்கு வால்வு) வண்டியைச் சில வருடங்களாக வேலைக்கும் ஊர் சுற்றவும் ஓட்டி வருகிறேன். இந்தக் கணக்கில் எனக்கு இன்று வரை சந்தேகம் வந்ததில்லை.

நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டத்தை. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்துவிட்டாலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் ஒரே வட்டாரம்தான். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினால் கயத்தாறு கரிசல், தாமிரபரணிக் கால்வாய்க் கரை, சாத்தான்குளம் பக்கத்துச் செந்தேரி, உவரிக் கடற்கரை, வள்ளியூர்க் காற்று எல்லாமே ஒரு நாள் ஓட்டத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு மண்ணிலும் வேறு மாதிரி ஓட்ட வேண்டும்.

வண்டியின் விவரம் சுருக்கமாக. 199.6 சிசி, ஆயில் கூலிங், 5 கியர், 19.1 பிஎஸ் பவர், 17.35 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. எடை 158 கிலோ. முன்னால் 21 அங்குல, பின்னால் 18 அங்குல ஸ்போக் வீல். தரைக்கும் எஞ்சின் அடிக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. டேங்க் 13 லிட்டர். என்னுடையது 2021-ல் வந்த முதல் 4வி, ஒற்றைச் சேனல் ஏபிஎஸ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ்; இதில் பின் பிரேக்குக்கு அது கிடையாது. சரளையிலும் மணலிலும் பின் சக்கரத்தை நம் இஷ்டத்துக்கு லாக் செய்து திருப்பலாம் என்பதால் எனக்கு அது வசதிதான். 2023 மாடலில் ஏபிஎஸ்ஸுக்கு சாலை, ஆஃப்-ரோடு, ராலி என்று மூன்று மோடுகள் கொடுத்தார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். நான்கு வழிச் சாலையில் மதுரைக்கு விரட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. எண்பதில் நிம்மதியாக ஓடும், அதுவே எனக்குப் போதும்.

சரி, தேரிக்கு வருவோம். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை பக்கங்களில் மேடு மேடாகக் கிடக்கிற செம்மணல். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. பனை, கொல்லாமரம் (முந்திரி), உடைமரம், இவற்றுக்கு நடுவே தோட்டங்களுக்குப் போகிற வண்டித்தடங்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் அதற்குள் வண்டியை விடக்கூடாது, விடவும் மாட்டேன். ஊருக்கும் ஊருக்கும் இடையே மக்கள் புழங்குகிற தடங்களே ஆயுள் முழுக்கப் பழகப் போதுமானவை.

தேரியில் ஓட்ட நேரம் பார்க்க வேண்டும். விடிகாலையில் பனி ஈரம் பட்ட மணல் கொஞ்சம் இறுகி நிற்கும். உச்சி வெயிலில் அதே மணல் மாவாக உதிரும். கார்த்திகை மழைக்குப் பிறகு சில வாரம் தேரி நன்றாகத் தாங்கும். ஆடிக் காற்றில் நேற்று ஓட்டிய தடம் இன்று இருக்காது. பழகப் போகிறவர்கள் மழை முடிந்த மாதங்களில் ஆரம்பிப்பது நல்லது.

ஓட்டும் முறை இதுதான். எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கைக் கவ்வி, உடம்பை லேசாகப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். இரண்டாம் கியர், சீரான ஆக்சிலேட்டர். முன் சக்கரம் இடமும் வலமும் அலையும். அலையட்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து அதை நேராக்கப் பார்ப்பவர்கள்தான் விழுகிறார்கள். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற மணலில் இருக்கக் கூடாது, தடம் எங்கே போய்த் திரும்புகிறதோ அங்கே இருக்க வேண்டும். நிறுத்த முன் பிரேக்கைத் தொட வேண்டாம். ஆக்சிலேட்டரை விட்டால் மணலே நிறுத்திவிடும்.

பின் சக்கரம் குழி பறிக்க ஆரம்பித்தால் அந்த நொடியே ஆக்சிலேட்டரை விட வேண்டும். இன்னும் முறுக்கினால் செயின் வரை புதையும். எஞ்சினை அணைத்து, வண்டியை மெதுவாக இடப்பக்கம் படுக்க வைப்பேன். படுத்ததும் பின் சக்கரம் குழியை விட்டு வெளியே வந்துவிடும். காலாலேயே மணலைத் தள்ளிக் குழியை மூடி, நன்றாக மிதித்துவிட்டு நிமிர்த்தினால் வண்டி சமமான மண்ணில் நிற்கும். நிமிர்த்தும்போது முதுகை வண்டிக்குக் காட்டி, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் நடக்க வேண்டும். வேலை கால்களுக்குத்தான், முதுகுக்கு அல்ல. வலப்பக்கம் விழுந்த வண்டி என்றால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், நிமிர்ந்த வேகத்தில் வண்டி மறுபக்கம் சாயாமல் இருக்கும்.

158 கிலோ வண்டியில் இதை நான் தனியாகச் செய்துகொள்கிறேன். நண்பர் ஒருவர் ஹிமாலயன் 411 வைத்திருக்கிறார், 199 கிலோ. அதன் 32 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு மேட்டுச் சாலை ஏறுவது தனிச் சுகம், நானே ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் தேரி என்றால் துணை இல்லாமல் அவர் வருவதில்லை. அந்த 41 கிலோ வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், மணலில் ஒரு ஆள் வித்தியாசம்.

ஸ்டாண்டு விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் பனையேறி ஒருவர். மணலில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுப் பதநீர் வாங்க நின்றபோது, "மணலு வாங்கிரும் தம்பி, அடியில மட்டைய வையுங்க" என்று காய்ந்த பனைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலம், அடிப்பாகம் தட்டை. அதை இன்றும் லக்கேஜ் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். இதற்கென்றே கடையில் விற்கிற பிளாஸ்டிக் தட்டை விட இது உறுதி. கரிசல் சேற்றைச் சுரண்டவும் ஆகிறது.

டயர் காற்றுதான் தேரியின் பாதி சூட்சுமம். சாலையில் கம்பெனி சொல்கிற அளவு. மணல் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, முன்னால் 16, பின்னால் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். அந்தக் குறைந்த காற்றோடு கல்லில் மோதினால் ரிம் டியூபைக் கடித்து இரண்டு ஓட்டை போடும். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு அறுந்துவிடும். அடிக்கடி மணலுக்குப் போகிறவர்கள் டயரை ரிம்மோடு பிடித்து வைக்கிற ரிம் லாக் போட்டுக்கொள்ளலாம். கையில் காற்றை அளக்க ஒரு கேஜும் சின்ன பம்பும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஸ்போக் வீல், டியூப் டயர். இந்தச் சீமையில் டியூபுக்கு எதிரி உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும். குளத்துக் கரைகளில் கருவேலத்தை வெட்டிப் போட்டிருக்கும் காலத்தில் கரை மேல் போகாதீர்கள், வேறு வழி பாருங்கள். டயரைக் கழற்ற இரண்டு லீவர், ஒரு முன் டியூப், பஞ்சர் கிட், இவ்வளவு இல்லாமல் நான் கிளம்புவதில்லை. அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின்னால் திணித்தும் ஊர் வந்து சேர்ந்துவிடலாம். முன் சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் நிழலில் பழகியிருந்தால் இட்டமொழி ரோட்டு வெயிலில் பதற்றம் இருக்காது.

ஸ்போக்கை ஸ்பானரால் தட்டிப் பார்க்கும் பழக்கம் டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி சொல்லித் தந்தது. எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கிறது தளர்ந்த கம்பி. ஒன்று தளர்ந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தைச் சுமந்து அவையும் போகும். கோட்டம் எடுக்க நான் வண்டியைப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதில்லை. வீலைக் கழற்றி அவரிடம்தான் கொடுக்கிறேன். "என்ன தம்பி, வண்டிய வச்சு உழுதியளா?" என்று கேட்டுக்கொண்டே ரிம்மைச் சுழற்றி விரல் நுனியை ஓரத்தில் வைத்துப் பார்ப்பார். மெஷின் காட்டாத வளைவு அந்த விரலுக்குத் தெரியும்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை குறைந்த வண்டி தோற்கிற ஒரே இடம் அது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசி, சுரண்டைப் பக்கம் அதே வேலையைச் செய்யும். காற்றாலைகளைப் பாருங்கள். இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. அந்தப் பக்கம் வண்டி லேசாகச் சாய்ந்தே ஓடும், கைகளைத் தளர்த்தி முழங்காலால் பிடித்துக்கொண்டால் போதும். ஆபத்து லாரியையோ பஸ்ஸையோ முந்தும்போதுதான். அதன் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், மறைவு முடிந்ததும் மொத்தமாக அடிக்கும். வேகத்தைக் குறைத்து, நடுவில் இடம் விட்டு முந்துங்கள். கொம்பு (நெற்றிக்கு மேல் முன்னால் நீளும் மறைப்பு) வைத்த ஆஃப்-ரோடு ஹெல்மெட் இந்தக் காற்றில் கழுத்தைப் பிடுங்கும். அந்த மாதங்களில் நான் அந்தக் கொம்பைக் கழற்றிவிடுகிறேன்.

கரிசலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காய்ந்திருந்தால் வெடிப்புகளைக் குறுக்காகக் கடக்க வேண்டும், நனைந்திருந்தால் இறங்கக் கூடாது. ஈரக் கரிசல் வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்து வீலைச் சுற்றவே விடாது. எந்த டயரும் அதில் உதவாது. வெயில் ஏறும் வரை கயத்தாறிலேயே டீ குடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

இந்த வண்டிக்காக நான் மனதார நன்றி சொன்னது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ரோடுகள் அறுந்து கிடந்தன. கார் போக முடியாத இடங்களுக்கு நண்பர்களோடு பால் பவுடர், பிரட், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மாத்திரை என்று கட்டிக்கொண்டு போனோம். அறுந்த ரோட்டின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை அகலம் மிஞ்சியிருந்த இடத்தில் ஒருவர் பின்னால் பிடிக்க, ஒருவர் முன்னால் இழுக்க, வண்டி ஏறி வந்தது. கனத்த வண்டியாக இருந்திருந்தால் அங்கே திரும்பியிருப்போம்.

தண்ணீரைக் கடப்பதற்கு விதி கறாரானது. முதலில் நடந்து பாருங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலைத் தள்ளினால் வண்டி இறங்கக் கூடாது. நிற்கிற தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேல் ஏறினாலும் யோசியுங்கள். சைலன்சர் உயரத்தில் இருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது, ஏர் ஃபில்டர் நனைந்தால் கதை முடிந்தது. முதல் கியரில் ஒரே சீராகப் போய்க் கரையேற வேண்டும். எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எல்லாம்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். தேரி மணல் செயினைத் தின்னும். மணலுக்குப் போகும் முன் பசைபோல ஒட்டுகிற லூப் (செயினுக்கான எண்ணெய்) அடித்தால் மணலை நாமே அதில் பூசிக் கொடுத்த மாதிரி. ஓட்டி முடித்து டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம் லூப் அடிக்க வேண்டும். செயினை இறுக்கமாகவும் வைக்கக் கூடாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்யூட்டர் பைக் மாதிரி முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது செயின் விறைத்து ஸ்பிராக்கெட்டைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. வீட்டில் நானே தளர்த்திக்கொண்டேன். அடுத்தது உப்பு. உவரி, மணப்பாடு போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், ஸ்போக் நிப்பிளில்தான் துரு முதலில் பிடிக்கும். பிரஷர் பைப்பை வீல் பேரிங் பக்கம் காட்ட விடாதீர்கள்.

உடுப்பில் எனக்கு முக்கியம் முழங்கால் கவசமும் பூட்ஸும். தேரியில் விழுந்தால் மணல் தாங்கிக்கொள்ளும், ஆனால் வண்டிக்கு அடியில் கணுக்கால் மாட்டும். ஜாக்கெட் காற்று புகும் வலைத்துணி, அதாவது மெஷ்தான், வேறு எதுவும் இந்த வெயிலுக்கு ஆகாது. தோள், முழங்கைக் கவசத்தில் இஎன் 1621-1, முதுகுக்கு 1621-2 என்று ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய ஜாக்கெட்டில் கவசம் என்ற பெயரில் வெறும் ஸ்பாஞ்சு இருந்தது, ஜிப்பும் உப்புக் காற்றில் இறுகிவிட்டது. முதுகில் தண்ணீர்ப் பை கட்டாயம்.

மலைப் பக்கம் கேட்பவர்களுக்கு: மாஞ்சோலை, நம்பி கோயில் மலை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. 1988 முதல் புலிக் காப்பகம். வனத்துறை அனுமதிக்காத தடத்தில் சக்கரம் படக் கூடாது. மணிமுத்தாறு அணை வரை, தலையணை வரை உள்ள சாலைகளே கண்ணுக்கு நிறைவு.

ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்கள் 825 மில்லிமீட்டர் சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போது என் வண்டியில் பின் டயர் பட்டன்கள் தேய்ந்துவிட்டன. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆழமான பட்டன் டயரும் கனத்த டியூபும் போடப் போகிறேன். தார் ரோட்டில் சத்தம் கூடும், மைலேஜ் இரண்டு மூன்று குறையும், பரவாயில்லை.